கரியும் வைரமும்

‘வைரம்’ என்ற சொல்லை நாம் நகையில் பதிக்கும் மணிக்கு மட்டும் வழங்குவதில்லை. முற்றிய வேலமரத்தைப் பிளந்தால் நடுவே கறுத்து இறுகியிருக்கும் பகுதிக்கும் வைரம் என்றே பெயர். வைரம் பாய்ந்த கட்டையில் ஆணி எளிதில் இறங்காது என்பது தச்சர்கள் அறிந்தது. அதே வேலமரத்தை மூட்டம் போட்டால் கிடைப்பது அடுப்புக்கரி. விரலால் அழுத்தினால் நொறுங்கிக் கையெல்லாம் கறுப்பாக்கும் இந்தக் கரியும், இயற்கையில் தாராளமாகக் காணப்படும் பொருள்களிலெல்லாம் கடினமான வைரமணியும் ஒரே தனிமத்தால் ஆனவை என்பதை இன்று பள்ளி மாணவரும் சொல்லிவிடுவர்.

‘அப்படியானால் வைரம் மட்டும் ஏன் இவ்வளவு கடினம்?’ என்று கேட்டால், ‘கார்பன் அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பு மிக வலிமையானது’ என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிவிடுகின்றனர். இந்த விடை பொய்யல்ல. ஆனால் பாதி விடை. கல்லூரியில் இயற்பியல் பயிலும் மாணவரும் இந்தப் பாதியோடு நின்றுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஏனெனில், மீதிப் பாதியைத் தேடி விஞ்ஞானம் நடந்த வழி மிகச் சுவையானது.

முதலில் கடினம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு பொருள் இன்னொன்றின்மீது கீறல் போடுமானால் கீறியது கடினமானது. 1812-ல் ஜெர்மானியக் கனிமவியலார் ஃபிரீட்ரிக் மோஸ் இந்த முறையில் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். மாக்கல்லின் மூலப்பொருளான டால்க் 1, வைரம் 10. ஒன்பதாம் இடத்தில் இருப்பது குருந்தம். மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகளே. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரும் நம் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனதுதான். ஒன்பதும் பத்தும் அடுத்தடுத்த எண்கள் ஆதலால் இரண்டும் ஏறக்குறையச் சமம் என்று நினைத்துவிடக் கூடாது. வகுப்பில் முதல் மாணவனுக்கும் இரண்டாம் மாணவனுக்கும் தரவரிசையில் ஒன்றுதான் வேறுபாடு. மதிப்பெண்ணில் எவ்வளவு என்பதை வரிசை சொல்லாது. கூர்முனையை அழுத்திப் பள்ளத்தை அளக்கும் முறையில் பார்த்தால் வைரம் குருந்தத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கடினமானது.

எரிந்து மறைந்த மணிகள்

1694-95ஆம் ஆண்டுகளில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் அவரானி, டார்ஜியோனி என்ற இரு அறிஞர்கள், டஸ்கனிக் கோமகன் மூன்றாம் கோசிமோவின் ஆதரவோடு ஒரு செலவுமிக்க சோதனையைச் செய்தனர். பெரிய குவிவில்லை ஒன்றால் சூரிய ஒளியைத் திரட்டி வைரத்தின்மீது விழச் செய்தனர். வைரம் உருகவில்லை, சிறுத்துக்கொண்டே போய் மறைந்துவிட்டது. சாம்பல்கூட மிஞ்சவில்லை.

சில ஆண்டுகள் கழித்து 1704-ல் வெளியான தம் ஒளியியல் நூலில் நியூட்டன், முற்றிலும் வேறொரு வழியில் இதே பொருளுக்கு வந்து சேர்ந்தார். பல பொருள்களின் ஒளிவிலகும் திறனை அவற்றின் அடர்த்தியோடு ஒப்பிட்டு அட்டவணை தயாரித்தபோது, வைரம் கற்களோடு சேரவில்லை. கற்பூரம், ஆலிவ் எண்ணெய், டர்பன்டைன், அம்பர் போன்ற எரியும் பொருள்களின் கூட்டத்தில் போய் நின்றது. ஆகவே வைரம் உறைந்து இறுகிய ஒருவகை நெய்ப்புப் பொருளாக இருக்கலாம் என்று அவர் ஊகித்தார். இன்றைய கண்ணோட்டத்தில் அந்த வாதம் முழுதும் சரியானதல்ல. ஆனாலும் எரியும் பொருள் என்ற முடிவு சரியாகவே அமைந்துவிட்டது.

1770-களில் சோதனைக்களம் பாரிஸுக்கு மாறியது. வைரம் எரிகிறதா, நீர்போல ஆவியாகிப் போகிறதா, அல்லது கண்ணுக்குத் தெரியாத தூளாக வெடித்துச் சிதறுகிறதா என்பதே அப்போது வழக்கு. நகை வணிகர்கள் இதில் வெகு அக்கறை காட்டினர். அவர்கள் முதல் அல்லவா பணயம்! மயார் என்ற நகைவணிகர், கரித்தூளை அழுத்தி அடைத்த களிமண் புகைக்குழாய்க் கிண்ணத்துக்குள் வைரங்களைப் புதைத்து, மூடி, உலையில் வைத்துக் காய்ச்சச் சொன்னார். மணிகள் பழுதில்லாமல் வெளிவந்தன. காற்றுப் படாவிட்டால் வைரம் மறைவதில்லை என்பது இதிலிருந்து புலனாயிற்று. 1772-ல் தொடங்கிய சோதனைகளில் லவாய்சியர், வைரத்தைக் கண்ணாடிக் கலத்துக்குள் வைத்துப் பெரிய வில்லையால் எரித்து, மிஞ்சிய காற்றைச் சுண்ணாம்பு நீரில் செலுத்தினார். சுண்ணாம்பு நீர் பால்போலக் கலங்கியது. கரியை எரித்தாலும் இதே கலங்கல்தான். எனினும், வைரமும் கரியும் ஒன்றே என்று அறிவிக்க லவாய்சியருக்கே துணிவு வரவில்லை. இரண்டும் எரியும் பொருள்கள் என்ற வகையில் உறவுடையவை என்பதோடு நின்றுகொண்டார்.

துணிந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்மித்சன் டென்னன்ட். பின்னாளில் ஆஸ்மியம், இரிடியம் என்ற உலோகங்களைக் கண்டுபிடித்தவரும் இவரே. 1797-ல் இவர் செய்தது தராசைக் கொண்டு செய்த வேலை. எடைபோட்ட வைரத்தை வெடியுப்புடன் தங்கக் குழாயில் இட்டுக் காய்ச்சினார். பிறந்த கரியமில வாயுவை அளந்தார். அதே எடையுள்ள கரியை எரித்தால் எவ்வளவு வாயு வருமோ அவ்வளவே வந்தது. கூடவுமில்லை, குறையவுமில்லை. பென்சிலில் உள்ள கிராபைட்டும் கார்பனே என்பதை ஸ்வீடனின் ஷீலே 1779-லேயே காட்டியிருந்தார். ஆக கரி, கிராபைட், வைரம் மூன்றும் ஒரே பொருள்.

கணக்கு ஒத்துவந்தாலும் மனம் ஒப்பவில்லை. ஒரே பொருள் ஒரு வடிவில் கறுப்பாகவும் மென்மையாகவும், இன்னொரு வடிவில் கண்ணாடிபோலத் தெளிவாகவும் எல்லாவற்றையும் கீறுவதாகவும் இருக்க முடியுமா? வைரத்தில் வேறு ஏதோ ஒரு சரக்கு சிறிதளவு கலந்திருக்க வேண்டும் என்று பலர் எண்ணினர். ஹம்ப்ரி டேவியே சில காலம் அதில் ஆக்சிஜன் கலந்திருக்கலாம் என்று ஐயுற்றவர். அவர் 1814 மார்ச்சில், தம் உதவியாளராக வந்திருந்த 22 வயது மைக்கேல் ஃபாரடேயுடன் ஃப்ளாரன்ஸ் நகரில் தங்கினார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் வைரத்தை மறையச் செய்த அதே கோமகனின் வில்லை அங்கேயே இருந்தது. தூய ஆக்சிஜன் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தினுள், பிளாட்டினத் தாங்கியில் வைரத்தை இருத்தி எரித்தனர். சூடேறிப் பற்றிக்கொண்ட வைரம், வில்லையை விலக்கிய பின்னும் செந்நிறமாகச் சுடர்ந்து எரிந்தது. ஈரம் ஏதும் படியவில்லை. ஆகவே ஹைட்ரஜன் இல்லை. கிடைத்தது கரியமில வாயு மட்டுமே. ஒளித்து வைத்த சரக்கு எதுவும் வைரத்தில் இல்லை என்பது முடிவாயிற்று.

சரக்கில் வேறுபாடு இல்லையென்றால், வேறுபாடு அடுக்கில்தான் இருக்க வேண்டும். இதை டேவியும் உணர்ந்தார். ஆனால் எந்த அடுக்கு என்று பார்க்க அந்தக் காலத்தில் யாரிடமும் கருவி இல்லை. 1841-ல் ஸ்வீடனின் பெர்ஸீலியஸ், ஒரு தனிமம் பல வடிவங்களில் தோன்றுவதற்குப் புறவேற்றுமை என்று ஒரு பெயர் வைத்தார். பெயர் வைப்பது விளக்கம் ஆகாது. கேள்வி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அப்படியே கிடந்தது.

வராமற்போன ஓர் ஒளிக்கற்றை

இடையில் ஒரு குறிப்பு மட்டும் கிடைத்தது. 1874-ல் ஹாலந்தின் வான்ட் ஹாஃபும் பிரான்ஸின் லெ பெல்லும், ஒருவரையொருவர் கலக்காமலே, கார்பன் அணுவின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நீள்கின்றன என்றனர். நான்கு கால் மேசைபோல் ஒரே பக்கமாக அல்ல. மூன்று கால் கீழும் ஒன்று மேலுமாக, எல்லாம் ஒன்றையொன்று சம அளவு விலக்கி நிற்பதாக இதை எண்ணிக்கொள்ளலாம். இது சாராய வகைகளையும் அமிலங்களையும் பற்றி ஆராய்ந்தபோது தோன்றிய கருத்து. வைரத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்பது தெளிவாக 1913 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

படிகங்களின் வழியே எக்ஸ்-கதிர் செல்லும்போது விளிம்பு விளைவு தோன்றுவதை 1912-ல் ஜெர்மனியில் லாவேயின் குழுவினர் காட்டினர். உடனே அதைப் பற்றிக்கொண்டவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த தந்தையும் மகனும்: வில்லியம் ஹென்றி பிராக், வில்லியம் லாரன்ஸ் பிராக். படிகத்தில் அணுக்கள் தளம் தளமாக அடுக்கப்பட்டுள்ளன. அடுத்தடுத்த தளங்களிலிருந்து மீளும் கதிர்களின் பாதை வேறுபாடு ஓர் அலைநீளமாக இருந்தால் அவை ஒன்றையொன்று வலுப்படுத்தும். இது முதல் வரிசை. இரண்டு அலைநீளமானால் இரண்டாம் வரிசை, மூன்றானால் மூன்றாம் வரிசை. இவ்வாறு வரிசையாகக் கற்றைகள் வர வேண்டும்.

வைரத்தின் எண்முகத் தளங்களில் அளந்தபோது முதல் வரிசை வந்தது, மூன்றாம் வரிசை வந்தது. இரண்டாம் வரிசை ஏறத்தாழ வரவேயில்லை! பிழை என்று ஒதுக்கிவிடாமல் பிராக்குகள் இதைத் துப்பாக எடுத்துக்கொண்டனர். தளங்கள் ஒரே இடைவெளியில் அமையாமல் இரண்டிரண்டாக நெருங்கியிருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு தளத்துக்கும் பக்கத்தில், முழு இடைவெளியில் கால்பங்கு தள்ளி, துணைத்தளம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். இரண்டாம் வரிசையில் முழு இடைவெளிக்குப் பாதை வேறுபாடு இரண்டு அலைநீளம். கால் இடைவெளிக்கு அது அரை அலைநீளம். அரை அலைநீளம் என்றால் முகடும் அகடும் மோதி ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டாம் வரிசை மறைந்ததன் காரணம் இதுவே.

இதிலிருந்து கட்டமைப்பு முழுவதும் துலங்கியது. நெருங்கிய தளங்களுக்கு இடையே 0.51 ஆங்ஸ்ட்ராம், அந்த இணைக்கும் அடுத்த இணைக்கும் இடையே 1.54 ஆங்ஸ்ட்ராம். (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.) ஒவ்வொரு கார்பன் அணுவைச் சுற்றியும் சம தொலைவில் நான்கு கார்பன் அணுக்கள், நான்முகியின் மூலைகளில். அந்த நான்கும் ஒவ்வொன்றும் இன்னும் மூன்றைப் பற்றியிருக்கின்றன. இப்படியே மணியின் ஒரு முகத்திலிருந்து மறு முகம் வரை இடைமுறிவு இல்லாமல் தொடர்கிறது. ஒரு வைரமணி முழுவதும் ஒரே மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். 1915-ல் நோபல் பரிசு தந்தைக்கும் மகனுக்கும் சேர்ந்தே கிடைத்தது. மகனுக்கு அப்போது வயது 25.

இரண்டு பாதிகள்

இப்போது அந்த இரண்டு மதிப்பெண் விடைக்கு வருவோம். ‘பிணைப்பு வலிமையானது, ஆகவே வைரம் கடினம்.’

1924-ல் ஜே. டி. பெர்னால் கிராபைட்டின் அமைப்பை ஒற்றைப் படிகத்தைக் கொண்டு ஆராய்ந்து உறுதிசெய்தார். அதில் கார்பன் அணுக்கள் அறுகோணங்களாகச் சேர்ந்து ஏடுகளாகப் படிந்துள்ளன. ஏட்டினுள் அணுக்களுக்கு இடையே உள்ள தொலைவு 1.42 ஆங்ஸ்ட்ராம். வைரத்தில் 1.54. நெருக்கம் கூடியிருப்பதிலிருந்தே தெரிகிறது, கிராபைட்டின் பிணைப்பு வைரத்தினுடையதைவிட வலிமையானது! பிணைப்பின் வலிமையே கடினம் என்றால், வைரத்தை அல்லவா நாம் பென்சிலில் வைத்து எழுத வேண்டும்? ஆனால் ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே 3.35 ஆங்ஸ்ட்ராம் வெற்றிடம். அங்கே உள்ள ஈர்ப்பு மிகச் சொற்பம். தாளில் இழுத்ததும் ஏடுகள் வழுக்கிப் பிரிந்து ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே, வலிமையான பிணைப்பு இருந்தால் மட்டும் போதாது. அது எல்லாத் திசையிலும் இருக்க வேண்டும். தப்பிச் செல்ல ஒரு திசையும் விடக்கூடாது.

சரி, அப்படியானால் அடுக்குதான் எல்லாம் என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. சிலிக்கான், ஜெர்மேனியம் இரண்டும் வைரத்தின் அதே நான்முகி அடுக்கில் படிகமாகின்றன. குளிரில் வெள்ளீயம் மெல்ல மாறி உண்டாகும் சாம்பல்நிற வெள்ளீயமும் இதே அடுக்குதான். சிலிக்கான் கண்ணாடியைக் கீறும், குருந்தத்திடம் தோற்றுவிடும். சாம்பல்நிற வெள்ளீயமோ கையிலேயே பொடியாக உதிர்கிறது! படம் ஒன்றே, அளவுதான் வேறு. கார்பனில் அணுக்களிடைத் தொலைவு 1.54, சிலிக்கானில் 2.35, வெள்ளீயத்தில் 2.81 ஆங்ஸ்ட்ராம். கார்பன் மிகச் சிறிய அணு. இரண்டு அணுக்களுக்கு இடையே பங்கிடப்படும் எலெக்ட்ரான் இணை, இரு கருக்களுக்கும் மிக அருகில் இறுகப் பிடிபட்டுள்ளது. அணு சிறியதாதலால் ஒரு கன சென்டிமீட்டரில் அடங்கும் அணுக்களும் மிகுதி: தாமிரத்தில் இருப்பதைப்போல் இரு மடங்குக்கும் மேல். அணு ஒன்றுக்கு இரண்டு பிணைப்பு வீதம் கணக்கிட்டால் பிணைப்புகளின் நெருக்கம் எவ்வளவு என்று தெரியும்.

ஆக வலிமையான குறுகிய பிணைப்பு, அது நான்கு திசையிலும் முடிவின்றித் தொடரும் அடுக்கு ஆகிய இரண்டும் ஒருங்கே சேர்ந்தால்தான் வைரம். கிராபைட்டில் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. வெள்ளீயத்தில் இரண்டாவது உண்டு, முதலாவது இல்லை.

உலோகங்களையும் இத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. இரும்பிலோ தாமிரத்திலோ எலெக்ட்ரான்கள் எல்லா அணுக்களுக்கும் பொதுச் சொத்து. ஓர் அணுவரிசை பக்கத்து வரிசைமேல் நகர்ந்தால் பழைய அண்டை வீடு போய்ப் புதிய அண்டை வீடு வருகிறது, நட்டமில்லை. அதனால்தான் தாமிரத்தைக் கம்பியாக இழுக்க முடிகிறது. வைரத்தில் எலெக்ட்ரான் இணை குறிப்பிட்ட இரண்டு அணுக்களுக்கு மட்டும், குறிப்பிட்ட திசையில் மட்டும் சொந்தம். வரிசை நகர வேண்டுமானால் அந்தப் பிணைப்பு முறிந்தே தீர வேண்டும். ஆகவே கீறுவதற்கு வந்த பொருளின் வரிசைகள்தாம் முதலில் நகர்கின்றன.

இந்த இறுக்கத்தைக் காதால் கேட்பதுபோலக் கேட்கவும் ஒரு வழி உண்டு. திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன் 1928-ல் கண்டறிந்த விளைவின்படி, சிதறும் ஒளியின் நிறமாற்றம் பொருளினுள் அணுக்கள் அதிரும் அதிர்வெண்ணைக் காட்டிக்கொடுக்கும். 1930-ல் சி. ராமஸ்வாமியும், தனியே இங்கிலாந்தில் ராபர்ட்சன், ஃபாக்ஸ் என்போரும் வைரத்தை இம்முறையில் ஆராய்ந்தனர். ஒரு சென்டிமீட்டருக்கு 1332 என்ற அலை எண்ணில் ஒரே ஒரு கூரிய கோடு கிடைத்தது. இதை அதிர்வெண்ணாக மாற்றினால் வினாடிக்கு 40 லட்சம் கோடி அதிர்வுகள். சிலிக்கானுக்கு இதே கோடு 520-ல் விழுகிறது. சுருள்வில்லில் தொங்கும் எடையின் அதிர்வெண், வில்லின் விறைப்பை நிறையால் வகுத்த ஈவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதை மாணவர் அறிவர். சிலிக்கான் அணு கனமானது என்பதற்கு விட்டுக்கொடுத்துக் கணக்கிட்டாலும், வைரத்தின் ‘வில்’ சிலிக்கானினுடையதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது என்று வரும். தாளும் பென்சிலும் எடுத்து வாசகர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். கார்பனின் அணு நிறை 12, சிலிக்கானின் அணு நிறை 28. ராமனுக்கு வைரத்தின்மீது தீராத மோகம். நூற்றுக்கணக்கில் மணிகளைச் சேகரித்து ஆராய்ந்தார். வைரத்தின் அதிர்வுகளைப் பற்றி மாக்ஸ் பார்னுடன் அவர் நடத்திய நீண்ட வாதில் இறுதியில் பார்னின் பக்கமே நின்றது என்றாலும், அந்த 1332 கோடு அசையவில்லை. ஒரு கல் உண்மையான வைரமா என்று சோதிக்க இன்றும் அதையே தேடுகின்றனர்.

செயற்கை வைரத்தின் கதையை விரித்தால் தனிக்கட்டுரையாகும். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் டிரேசி ஹால், ஏறத்தாழ ஒரு லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் கார்பனை வைரமாக்கினார் என்பதை மட்டும் குறிப்பிடுவோம். ஒரு வியப்பு என்னவென்றால், நாம் வாழும் அழுத்தத்தில் கார்பனுக்கு நிலையான வடிவம் வைரமல்ல, கிராபைட்! வைரம் கிராபைட்டாக மாற முதலில் அதன் பிணைப்புகள் முறிய வேண்டும். அறை வெப்பத்தில் அதற்கு வழியில்லை. எந்த இறுக்கம் வைரத்தைக் கீறவிடாமல் காக்கிறதோ அதுவே அதைக் கரியாகிவிடாமலும் காக்கிறது.

சுத்தியலும் சாணையும்

வைரத்தைச் சுத்தியலால் உடைக்க முடியாது என்பது பழைய நம்பிக்கை. கி. பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, பட்டறைக்கல்லில் வைத்து அடித்தால் பட்டறைக்கல்தான் பிளக்கும் என்றும், ஆட்டுக்கடாவின் ரத்தத்தில் ஊறவைத்தால் மட்டுமே மணி உடையும் என்றும் எழுதிவைத்தார். வாசகர்கள் வீட்டு மோதிரத்தில் இதைச் சோதித்துவிட வேண்டாம், மணி நொறுங்கிவிடும். கீறலுக்கு எதிராக நிற்பது வேறு, அடியைத் தாங்குவது வேறு. தாமிரம் அடிபட்டால் நெளிந்து கொடுக்கிறது. வைரத்துக்கு நெளியத் தெரியாது. தாங்கும், இல்லையேல் பிளக்கும்.

பிளப்பதும் தாறுமாறாக அல்ல. பிராக்குகள் கண்ட இரட்டைத் தளங்களை நினைவுபடுத்திக்கொள்வோம். இணைக்குள்ளே பிணைப்புகள் அடர்ந்து சாய்வாகக் கிடக்கின்றன. இணைக்கும் இணைக்கும் இடையே உள்ள 1.54 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியிலோ, அணுவுக்கு ஒரு பிணைப்பு வீதம் செங்குத்தாக நிற்கிறது. வைரத்தை வெட்ட வேண்டுமானால் குறைந்த பிணைப்புகளை முறிக்கும் வழி இதுதான். 1905-ல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த, 3106 காரட் எடையுள்ள கல்லினன் வைரத்தை 1908-ல் ஆம்ஸ்டர்டாமில் ஆஷர் நிறுவனத்தார் இரும்புத் தகட்டையும் தடியையும் கொண்டே பிளந்தனர். அணுத்தளம் என்ற சொல்லைக் கேள்விப்படாத பழைய காலத்துத் தொழிலாளிகளும் இந்தத் திசையைக் கண்ணாலும் கையாலும் அறிந்திருந்தனர்.

பட்டை தீட்டுவது இதைவிடப் புதிரானது. எதுவும் கீற முடியாத ஒன்றை எதைக்கொண்டு தேய்ப்பது? வைரத்தூளையேதான் எண்ணெயில் குழைத்து, சுழலும் இரும்புத் தட்டில் பூசித் தேய்க்கின்றனர். ஆனால் எத்திசையிலும் தேய்த்துவிட முடியாது. ஒரே முகத்தில் ஒரு திசையில் விரைவாகத் தேய்கிறது. வேறு திசையில் திருப்பினால் மணிக்கணக்காகியும் அசைவதில்லை. உலகின் வைரங்களில் பெரும்பகுதி இன்று பட்டை தீட்டப்படும் சூரத் நகரில், பட்டறைத் தொழிலாளி கல்லைத் திருப்பித் திருப்பி வைத்து இந்த ‘மெத்தென்ற’ திசையைத் தேடிக்கொள்கிறார். இதன் காரணம் நெடுநாள் தெளிவாகாமல் இருந்தது. 2010-ன் இறுதியில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகர ஆராய்ச்சியாளர்கள் கணிப்பொறியில் அணு அணுவாகப் பின்தொடர்ந்து ஒரு விடை தந்தனர். தேய்க்கும்போது மேற்பரப்பில் அணுக்கள் அடுக்குக் குலைந்து ஒழுங்கற்ற மெல்லிய படலமாகிவிடுகின்றன. நான்முகி ஒழுங்கு போன அந்தப் படலத்தைத் தூளின் கூர்முனைகள் சுரண்டிவிடுகின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் அரித்துச் செல்கிறது. திசையைப் பொறுத்து இந்தக் குலைவு விரைவாகவோ மெதுவாகவோ நேர்கிறது. ஆகவே சாணைத்தட்டு வைரத்தை வைரமாகவே தேய்ப்பதில்லை. முதலில் அதன் மேல்தோலை ஒருவகைக் கரியாக்கி, அந்தக் கரியைத்தான் வழித்தெடுக்கிறது.